மூன்றாம் நம்பர் முளை

"பிடுங்குய்யா அதை! என் சுவத்துக்குக் கீழே முளை அடிக்க உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

"என் தோட்டம், என் முளை. உங்க சுவத்தை நான் தொடவே இல்லையே."

"இன்னிக்கு முளை அடிப்பே, நாளைக்குக் கயிறு கட்டுவே, அதுக்கு மறுநாள் கடப்பாரையோட ஆள் வரும். எனக்குத் தெரியாதா உங்க வேலை?"

"ரிட்டயர் ஆனவனுக்கு என்னய்யா வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

பேக்கரிக்காரர் காலி மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தார். மதிலுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. புருவத்தில் மாவு, மூக்கு நுனியில் மாவு, கோபத்தில் முகம் மட்டும் சிவப்பு. மதிலுக்கு இந்தப் பக்கம் சர்வேயர் சுத்தியலும் கையுமாகக் குந்தியிருந்தார். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் நான் ஜன்னல் திரைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷினை உடனே நிறுத்திவிட்டேன். அது ஓடினால் பாதி வசனம் காதில் விழுவதில்லை.

முளை என்றால் பெரிய தூண் ஒன்றும் இல்லை. முழ உயரக் குச்சி. தலையில் ஒரு சிவப்பு ரிப்பன், இடுப்பில் கறுப்பு மையால் ஒரு நம்பர். மொத்தம் ஏழு. அந்த ஏழு குச்சிக்குப் போய் ஒரு மனிதர் டின் மேல் ஏறிக் கத்துவானேன்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

பேக்கரிக்காரரின் கனம் ஒன்றரை அடி.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலிதான் இருந்தது. சர்வேயர் அப்போது கூடாரமும் சங்கிலியுமாக எங்கெங்கோ அளந்துகொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு வீடு பாதி நாள் பூட்டியே கிடக்கும். அந்தச் சமயத்தில் பேக்கரிக்காரர் செங்கல் அடுப்பு கட்டினார். அடுப்பு நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. அடுப்பைச் சுருக்குவதா, அடுத்தவன் தோட்டத்தைச் சுருக்குவதா என்று யோசித்தவர், வேலியைப் பிடுங்கிப்போட்டு, ஒன்றரை அடி அந்தப் பக்கம் தள்ளி நீளத்துக்கும் சுவர் எழுப்பிவிட்டார். சுவரின் ஒரு பகுதிதான் அடுப்பின் முதுகு. கொத்தனாருக்கு இது தெரியும். கூடவே இருந்து மாவு பிசைந்த அவருடைய அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்று அர்த்தம்.

தெரியாதவர் ஒருவர்தான். ஊரான் நிலத்தையெல்லாம் அங்குலம் விடாமல் அளந்த மனிதர், தன் வீட்டுத் தோட்டத்தில் டேப்பை விரித்ததே இல்லை. சமையல்காரன் வீட்டில் பட்டினி என்பது போலத்தான்.

சுவர் போனால் அடுப்பு போகும். அடுப்பு போனால் கடை போகும். பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும் எல்லாம் அந்த ஒன்றரை அடி மேல்தான் வெந்துகொண்டிருந்தன. அதனால் சர்வேயர் ஓய்வு பெற்று நிரந்தரமாக வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பேக்கரிக்காரருக்குத் தூக்கம் இல்லை.

சர்வேயரும் சும்மா இருக்கவில்லை. முதல் மாதம், புல் வெட்டுகிற ஆளை இனி வராதே என்று அனுப்பிவிட்டார். முழங்கால் உயரத்துக்குப் புல். இரண்டாம் மாதம், பட்டுப்போன கட்டைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து மூலையில் அடுக்கினார். அடுக்கியவர் அதை எரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. உடைந்த சட்டிகளைக் கவிழ்த்து, ஒரு ஓரம் மட்டும் திறந்திருக்கும்படி மண்ணில் புதைத்தார். பூச்சிமருந்து டப்பாக்களை மூட்டை கட்டி வெளியேற்றினார். முன்பக்கத்துத் தகரக் கேட்டின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து ஓட்டை போட்டார். நல்ல கேட்டை எவராவது அறுப்பாரா? பிறகு வெறும் மண் தரைக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அங்கே எறும்பு போவதுகூட எனக்குத் தெரியவில்லை.

புதையல் என்றார் பால்காரர். மறை கழன்றுவிட்டது என்றாள் மூலைவீட்டுக்காரி. நான் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிறவள் இல்லை. சர்வேயர் என்னிடம் வந்து நாலு முழம் சிவப்பு ரிப்பன் கேட்டபோதுகூட, எதற்கு என்று மட்டும்தான் கேட்டேன்.

"அடையாளத்துக்கு."

"எதுக்கு அடையாளம்?"

"மிதிச்சிடக் கூடாது பாருங்க."

இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பெயரவில்லை. அன்று மாலை ரொட்டி வாங்கப் போன இடத்தில், சிவப்புத் துணி கட்டி நம்பர் போட்டால் அது அரசாங்க அளவு என்று எங்கள் சித்தப்பா சொல்வார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பேச்சுவாக்கில்தான். பேக்கரிக்காரரின் கையிலிருந்த கத்தி ரொட்டியில் பாதியிலேயே நின்றது. மறுநாள் காலைதான் அந்த டின் மேல் சண்டை.

சண்டை முடிந்ததும் எனக்கு அவசரமாக இரண்டு பன் தேவைப்பட்டது.

கடையின் பின்பக்கம் அக்காளும் தம்பியும் பேசுவது முன்னால் நிற்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டி வயது. தோள்வரை மாவு பிசைந்து பிசைந்து முறுக்கேறிய கைகள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கான காரணங்கள் தெருவில் மூன்று உண்டு, மூன்றும் நான் சொன்னவை இல்லை.

"டேய் தம்பி, அது அளக்கறதுக்கு அடிச்ச முளை இல்லைடா. ஒண்ணாம் நம்பர்ல மண்ணுக்குள்ள வளை போடற தேனீ இருக்கு. ரெண்டு, முள்ளெலி, அது போய்வரத்தான் கேட்டுல ஓட்டை. மூணு, தேரை. வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள்ள தூங்குமாம். யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு குச்சி நட்டிருக்கார்."

"தேரைக்கு எவனாவது நம்பர் போடுவானா அக்கா?"

"நாப்பது வருஷம் கல்லுக்கு நம்பர் போட்ட மனுஷன். கை சும்மா இருக்குமா?"

"அப்போ நாலு என்ன?"

அக்கா மாவைத் தூக்கிப் பலகையில் அறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா, மூணோட முழுங்கறே. நாலுலதான் விஷயம் இருக்கு. தேரையாம், முள்ளெலியாம்! உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். சரி, நீ எப்போ அந்த ஆளோட பேசினே?"

"ரொட்டித் தூளைக் குருவிக்குப் போடலாம்னு மதில்கிட்ட போனேன். ரொட்டி வேண்டாம்மா, அது அதுங்களுக்கு ஆகாது, ஒரு தட்டுல தண்ணி வைங்க போதும்னார். முளை எதுக்குன்னு கேட்டேன், சொன்னார். அவ்வளவுதான் பேச்சு."

"நம்ம ரொட்டி ஆகாதாமா? எவ்வளவு கொழுப்பு பாரு!"

உண்மையைச் சொன்னால் நம்பாதவனுக்கு என்ன மருந்து? கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்பார்கள். இங்கே மண்ணுக்குள் இருந்த தேரைக்கு ஒரு சர்வேயர் குச்சி நட்டுக் காவல் இருந்தார் என்றால், பேக்கரிக்காரர் என்ன, நான்கூட அன்று நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம். சர்வேயர் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குவார், அவர் குறட்டை ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை, மணிக்கூண்டு தோற்கும். நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மதில்மேல் முதலில் ஒரு ரஸ்க் தட்டு வந்தது. அதன் பின்னால் பேக்கரிக்காரரின் ஒரு கால். பிறகு, வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டு கிழிகிற சத்தத்தோடு, மிச்ச ஆள்.

அந்தத் தகரத் தட்டு சரியாக ஒன்றரை அடி நீளம். முதல் முளைக்குப் பக்கத்தில் தட்டைத் தரையில் வைத்தார், ஒரு முனை முளையை ஒட்டி, மறுமுனை சர்வேயர் வீட்டைப் பார்த்து. முளையைப் பிடுங்கித் தட்டின் மறுமுனையில் நட்டார். பழைய குழியில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். பிறகு இரண்டாம் முளை. இப்படியே ஏழு. தான் திருடியது எவ்வளவோ அவ்வளவு முளையையும் நகர்த்திவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவருக்குள் ஒரு கணிதம். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதை எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை, அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சர்வேயர் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். தரைமட்டத்துக்குப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, உள்ளே இறங்கி ஏற ஒரு கல்லும் போட்டால், மழை வந்து தேரை எழுந்திருக்கும்போது முட்டை இடக் குளம் தயாராக இருக்கும். இது பின்னால் அவரே சொன்னது. மூன்றாம் முளைக்கும் பேக்கரிச் சுவருக்கும் நடுவே, நிழல் விழும் இடமாகப் பார்த்தார். முளையிலிருந்து ஓரடி நன்றாக விட்டுத்தான் மண்வெட்டியைப் போட்டார். புல்லுக்குள் நிற்கும் முளை ஒன்றரை அடி இப்படியா அப்படியா என்று யாருக்குத் தெரியும்? அதிலும், நட்ட முளை பொய் சொல்லும் என்று அந்த மனிதருக்கு நாற்பது வருஷத்தில் ஒருநாளும் தோன்றியிருக்காது.

ஐந்தாவது வெட்டில் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டார். இரண்டு கையாலும் எதையோ அள்ளினார்.

புதையல்தான்! பால்காரர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, படியில் பாதியை விட்டுவிட்டு இறங்கி, தெருவைத் தாண்டி ஓடினேன். போய்ப் பார்த்தால் அவர் உள்ளங்கையில் மண் ஒட்டிய ஒரு தேரை. முதுகில் வெட்டு. ஒரு கால் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"மூணாம் நம்பர்," என்றார், யாருக்கோ தகவல் சொல்கிற மாதிரி. "முளை அங்கே இருக்கு. இது எப்படி இங்கே வந்தது? தூங்கற தேரை நகராதே."

அக்கா மாவுக் கையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். தேரையைப் பார்த்தாள். முளையைப் பார்த்தாள். தன் தம்பியின் சுவரைப் பார்த்தாள். விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள். அந்த நடையைப் பார்த்ததும், இன்று ரொட்டி நேரத்துக்குக் கிடைக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சர்வேயர் தேரையை ஒரு இலையில் வைத்துவிட்டு, உள்ளே போய் நோட்டையும் டேப்பையும் எடுத்து வந்தார்.

"கொஞ்சம் அந்த முனையைப் பிடிக்கிறீங்களா?"

பிடிக்காமல் என்ன? காசு கொடுத்தாலும் கிடைக்காத இடமாயிற்றே. டேப்பைப் பிடித்துக்கொண்டு கட்டைக் குவியல் பக்கம் நகர்ந்தேன்.

"அங்கே கால் வைக்காதீங்க. நாலாம் நம்பர்."

"நாலு என்ன சார்?"

என்னை ஒருமுறை எடை போட்டார். அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை, தெருவில் எனக்கிருந்த பெயர் அப்படி. "பாம்பு. விஷம் கிடையாது. எலிதான் பிடிக்கும். தெருவுல சொன்னா அடிச்சிடுவாங்க."

அதற்குப் பிறகு டேப்பின் முனையைப் பக்கவாசல் படியில் ஏறி நின்றே பிடித்தேன்.

படியிலிருந்து ஒவ்வொரு முளைக்கும் என்ன தூரம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்று, ஒன்றரை அடி குறைவு. இரண்டு, ஒன்றரை அடி குறைவு. ஏழும் அளந்தாயிற்று. ஏழும் ஒன்றரை. ஏழும் சுவரை விட்டு இந்தப் பக்கம்.

"முள்ளெலி குச்சியைத் தள்ளும். ஒரே திசையில, ஒரே அளவு தள்ளாது," என்றார். "ஏன் ஒன்றரை? ஏன் ரெண்டு இல்லை, ஏன் ஒண்ணு இல்லை? அந்தச் சுவத்தை விட்டு ஏன் தள்ளித் தள்ளிப் போகுது?"

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை.

அவர் மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பழுப்பேறிய பத்திரத்தோடு வந்தார். பக்கத்துச் சந்து ஓரத்தில் பாதி புதைந்து நின்ற எல்லைக் கல்லிலிருந்து பேக்கரிச் சுவர்வரை தோட்டத்தின் குறுக்கே, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் சொந்த நிலத்தை அளந்தார். அளந்து முடித்து, பத்திரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, டேப்பைச் சுருட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன் சார்," என்றேன்.

மறுநாள் காலை பேக்கரியில் ஆறு பேர் நின்றிருந்தோம். அடுத்தவர் சண்டையை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் ரொட்டி வாங்காமல் எப்படி இருப்பது? சர்வேயர் பத்திரத்தோடு வந்து கண்ணாடி அலமாரி மேல் வைத்தார்.

"உங்க அடுப்பு என் இடத்துல ஒன்றரை அடி இருக்கு."

பேக்கரிக்காரர் கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பன்கள் உருண்டன. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. பத்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்த வார்த்தை ஒருவழியாக வந்துவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை.

"இடிக்கணுமா சார்?" என்றார். சார் என்று அவர் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன்.

"நேத்து தேரையைக் கொன்னுட்டேன். முளை இருந்த இடத்துல முளை இல்லை, அதனால."

"தேரையா?"

"மூணாம் நம்பர்."

"நிஜமாவே தேரைதானா?" என்று பேக்கரிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா திரும்பவே இல்லை, உருண்டைகளை உருட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலையே அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். அது முக்கால் மணி நேரம் நீடித்தது, எங்கள் மாடிவரை கேட்டது.

"இடிக்க வேண்டாம்," என்றார் சர்வேயர். "அடுப்பு போச்சுன்னா சுவர் ஆறிடும். அந்தச் சூட்டுச் சுவத்துலதான் பல்லி முட்டை வைக்குது. காரை உதிர்ந்த பொந்துல தேனீ குடியிருக்கு. நான் மெனக்கெட்டு வச்சதை எல்லாம் விட்டுட்டு, அதுங்க உங்க சுவத்துக்குத்தான் போகுதுங்க. எங்க பக்கம் பூசக் கூடாது. சுவரோரம் மருந்து அடிக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒன்றரை அடியை எழுதித் தந்துடறேன்."

ஆறு பேரும் மூச்சு விட்டோம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பார்கள். குறைந்தபட்சம் ஒரு டஜன் பன்னாவது கட்டிக் கொடுத்திருப்பார்கள்.

பேக்கரிக்காரர் கண்ணைச் சுருக்கினார். "யார் பேருக்கு?"

"உங்க அக்கா பேருக்கு."

"ஏன் அவ பேருக்கு?"

"அவங்க மருந்து அடிக்க மாட்டாங்க. நீங்க அடிப்பீங்க."

நியாயமான பதில். ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்கு நியாயம்தான் முதல் சந்தேகம். "சும்மா எவனாவது நிலத்தைத் தூக்கிக் குடுப்பானா?" என்றார், குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "இப்பத்தான் புரியுது. ரொட்டித் தூளாம், குருவியாம், தட்டுல தண்ணியாம்! எத்தனை நாளா நடக்குது இது? அக்கா, உனக்கும் இந்த ஆளுக்கும் நடுவுல என்ன?"

கடையில் ஊசி விழுந்தால் கேட்கும். என்னிடம் ஊசி இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லைடா," என்றாள் அக்கா. விரல் விரலாக மாவைச் சுரண்டி எடுத்தாள். பிறகு தலையைத் தூக்கி சர்வேயரைப் பார்த்தாள். அதுவரை எத்தனையோ தடவை பார்த்திருப்பாள், அன்றுதான் பார்த்தாள். சர்வேயரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. மனிதர் பத்திரத்தை மடிக்கிறேன் என்று நாலாக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்தார்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பேக்கரிக்காரர் முளையை நகர்த்தப் போய் சுவரை அளக்க வைத்தார், இப்போது சபையில் இதைக் கேட்டு இதையும் நடத்தி வைத்துவிட்டார்.

நிலம் அக்கா பெயருக்கு மாறியது. அடுப்பும் தப்பியது. ஆனால் பேக்கரிக்காரரால் அதன் முன்னால் நிற்க முடியவில்லை. ரொட்டி தீய்ந்தால், அக்கா வேண்டுமென்றே விறகைத் தள்ளினாள் என்பார். தீயாமல் வந்தால், எனக்கு ஐஸ் வைக்கிறாள் என்பார். மத்தியான வேளையில் சர்வேயரின் குறட்டை கேட்காவிட்டால் அக்கா எங்கே என்று வீடு முழுக்கத் தேடுவார். அவள் பின்பக்கம் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதம் இப்படியே. கடைசியில் ஒருநாள், "அக்கா தயவுல சுட்டுத் தின்ன எனக்குத் தலையெழுத்து இல்லை," என்று தட்டுகளையும் டின்களையும் மாவு லாரியில் ஏற்றிவிட்டார். நிறுத்தச் சொல்லி அக்கா கேட் வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மட்டும் நான் ஜன்னலை மூடிவிட்டேன்.

மழை தொடங்கிய மாதத்தில் அக்காவும் சர்வேயரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அக்கா பத்தடி நடந்து அடுத்த வீட்டுக்குக் குடிபோனாள், காலையில் அதே பத்தடி திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறாள். தம்பிக்குப் பத்திரிகை அனுப்பினார்கள். அவர் வரவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கேஸ் அடுப்பு வைத்துச் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார். அந்த மாவு லாரிக்காரரின் தங்கையைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்றும், அவள் கடைத்தெருவுக்குப் போனால்கூட ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னாலேயே போகிறார் என்றும் லாரிக்காரரே சொன்னார்.